குளிர்ச்சி கேட்டேன், வெயிலைக் கொடுத்தாள்

எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் கக்கூஸில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். முகம் சுளிக்காதீர்கள். கோயில் விழா மலரில் இதையெல்லாம் போடலாமா என்று விழாக் கமிட்டிக்காரர்களே தயங்கினார்கள். அதை எடுத்துவிட்டால் நான் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மன் என்னைத் தேடி வந்தது அந்த நிலைமையில்தான். நான் பட்டுவேட்டி கட்டி நின்றபோது வந்தாள் என்று மாற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

என் பெயர் குமரவேல். புதுச்சேரி டவுனுக்கு வடக்கே, கடலை ஒட்டிய குப்பத்தில் வீடு. பரம்பரையாகக் கடல் தொழில். ஒரு பைபர் போட்டில் நானும் மச்சான் சேகரும் பங்கு. சேகர் என் மனைவியின் தம்பி. மனைவி செல்வி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அடுத்த வீடு என் அக்கா முத்துலட்சுமி வீடு. நான் குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். நாற்பது வயது வரைக்கும் நான் காய்ச்சல் என்று படுத்தவன் இல்லை. வலை இழுக்கும்போது போட்டே என் பக்கம் சாய்கிறது என்று பசங்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

கொரோனா ஓய்ந்த மறு வருஷம், தீபாவளி கழிந்த சமயம், வயிற்றால் போக ஆரம்பித்தது. பண்டிகைப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். கார்த்திகை தீபம் ஏற்றியபோதும் நிற்கவில்லை. பிறகு ரத்தம் போனது. போட்டில் ஏறினால் கரை கண்ணில் மறையும் முன்னே வயிறு முறுக்கும். கடலில் இருப்பவனுக்கு மறைவு ஏது? கூட வந்த பசங்கள் ஆரம்பத்தில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு, நான் எழுந்தாலே வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். சிரித்ததைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. தொழிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் பூராவும் புண் என்றார்கள். குடல் அழற்சி நோயாம். நம் உடம்பின் காவல் சக்தியே நம் குடலைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறதாம். முழுசாகப் போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. நிதானமான பெண்மணி. ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். சாப்பிட்டால் அடங்கும். குறைத்தால் திரும்பி வரும். மறுபடியும் கூட்டுவார்கள், மறுபடியும் அடங்கும். முகம் மட்டும் பேக்கரி பன் மாதிரி உப்பிக்கொண்டே போனது. கை கால் எல்லாம் இளைத்துவிட்டது.

இங்கேதான் அக்கா உள்ளே வந்தாள்.

"இது சூடுடா தம்பி. காலமெல்லாம் நடுக்கடல் வெயில்ல காஞ்ச உடம்பு. சூடு உள்ள இறங்கி வயித்தைப் புண்ணாக்கிடுச்சு. மாரியம்மா வயித்துல இறங்கியிருக்கா. அவளைக் குளிர வெக்கணும்" என்றாள்.

எங்கள் குப்பத்தில் யாரும் இதை மறுத்துப் பேச மாட்டார்கள். ரத்தம் போனால் சூடு, கண் சிவந்தால் சூடு, சிறுநீர் எரிந்தால் சூடு. அதனால் அம்மை வார்த்தவனுக்குச் செய்வதையெல்லாம் எனக்குச் செய்தார்கள். உள் அறையில் படுக்க வைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். வெளிச்சம் வரும் சந்தில் கூடப் பழைய சேலையை மடித்து அடைத்தாள் அக்கா. வாசலில் வேப்பிலை. வயிற்றின் மேல் ஈரத்துணி. கூழ், மோர், இளநீர், வெந்தயம். தாளிதம் கிடையாது. மீன் கிடையாது, முட்டை கிடையாது. மத்தியும் கானாங்கெளுத்தியும் ரொம்பச் சூடு என்று வாசனைகூட வரக் கூடாதாம். மீன் விற்றுவிட்டு வரும் செல்வி கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டோடு சேர்த்து எலும்புக்கென்று கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். அக்கா விசாரித்திருக்கிறாள். கால்சியம் என்றால் சுண்ணாம்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"சுண்ணாம்பைப் புண்ணுல போட்டா ஆறுமா, வெந்து போவுமா? நீயே சொல்லு" என்று கேட்டாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்த மாத்திரையை எல்லாம் சாமி மாடத்துக்குப் பின்னால் எடுத்து வைத்துவிட்டாள். இதில் அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்குத் தெரிந்த வழியில் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். தினமும் என் துணியைத் துவைத்தது அவள் கைதான்.

இப்படியே இரண்டு மாசி மகம் வந்து போனது. நான் வெளியே போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான். அதுவும் ஆட்டோவில், தலையில் ஈரத்துண்டோடு. பிறந்ததிலிருந்து வெயிலில் திரிந்தவன், வெளுத்துப்போய்க் கிடந்தேன். செல்வியே ஒரு நாள், "கலியாணத்துல கூட நீ இவ்ளோ கலரா இல்லயே" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். ரெண்டு பேருமே அழுதுவிட்டோம்.

அந்த அறையில் படுத்துக்கொண்டு நான் அம்மனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தாயே, குளிர்ந்துடு. என் வயித்தைக் குளிர வை." வேறு வேண்டுதல் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் செல்வி கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து வயிற்றில் தடவுவாள். அப்போதும் அதையேதான் கேட்பேன். அம்மன் காதில் விழுகிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. வயிறு ஒரு பக்கம் என்றால், போகப் போக உடம்பெல்லாம் நோவு. இடுப்பு, தொடை, விலா எல்லாம் உள்ளுக்குள் வலிக்கும். பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். ராட்டினம் மாதிரி வலையைச் சுற்றி இழுத்த கை, சொம்பைத் தூக்க இன்னொரு கையைத் துணைக்குக் கேட்டது.

அடுத்த மாசி மகம் நெருங்கும் நேரத்தில் டாக்டரம்மா உட்கார வைத்துப் பேசினார்.

"மாத்திரை இனிமே தாங்காது குமரவேல். ஸ்டீராய்டையே எத்தனை நாள் குடுக்க முடியும்? பெருங்குடலை எடுத்துடறதுதான் வழின்னு நினைக்கறேன். வயித்துல ஒரு துவாரம் வெச்சு, வெளியில பை மாட்டுவாங்க. பயப்படாதீங்க, நிறைய பேர் அப்படி நல்லா வாழறாங்க."

அவர் சொன்னது உண்மை. பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை அதற்கப்புறம் நானே பார்த்துப் பேசியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் காதில் பை என்ற ஒரு சொல்தான் விழுந்தது. உப்புத் தண்ணீரில் இடுப்பளவு நின்று போட்டைத் தள்ளுகிறவனுக்கு வயிற்றில் பை. எனக்குக் கடல் முடிந்தது என்று நினைத்தேன். மகம் முடிந்ததும் அட்மிட் ஆகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூர் பக்தர்களும் இந்த மலரைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அன்றைக்கு ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். எங்கள் மாரியம்மனும் பல்லக்கில் கடலுக்குப் போவாள். பல்லக்கின் முன் தண்டைப் பிடிப்பது எங்கள் பங்காளி வகையறாவின் உரிமை. தெருவில் வரும்போது தோள் மாற்றிக்கொள்ளலாம். மணலில் கால் வைத்துவிட்டால் தோள் மாற்றக் கூடாது. மணலில் யார் தாங்குகிறானோ, அவனேதான் அலைக்குள்ளும் அவளைக் கொண்டுபோக வேண்டும். என் அப்பா தாங்கினார். அவருக்கப்புறம் நான் தாங்கினேன். நோய் வந்த பிறகு பெரியப்பா மகன் தாங்கினான்.

இந்த முறை நான்தான் தாங்குவேன் என்று சொல்லிவிட்டேன்.

செல்வி பிடித்துக்கொண்டாள். "யோவ், நிக்கவே முடியல உனுக்கு. அம்மாவைக் கீழ போட்டுட்டா இன்னாய்யா பண்ணுவ?"

"போட மாட்டேன். இந்த ஒரு தடவ அவளை எடுத்துக்கினு போறேன். அப்புறம் கத்தி வெச்சா வெக்கட்டும்" என்றேன்.

முதல் நாளே சாப்பாட்டை நிறுத்தினேன், வயிறு காலியாக இருக்கட்டும் என்று. வேட்டிக்குள்ளே பெரியவர்களுக்கான டயப்பரைக் கட்டிக்கொண்டேன். இதை எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. சேகரைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன். மேளம் அடிக்க, பல்லக்கு மணலுக்கு வந்தது. நல்ல வெயில். கண் கூசி எதுவும் தெரியவில்லை. முன் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தேன். "தாயே, என் குடலை எனக்கு விட்டு வை. கத்தி வேணாம். வயித்தைக் குளிர வை" என்று கேட்டுக்கொண்டே காலை எடுத்து வைத்தேன்.

முதுகில் சடக்கென்று ஒரு சத்தம். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குள் கேட்டது. கால் இரண்டும் இல்லாமல் போன மாதிரி மணலில் உட்கார்ந்துவிட்டேன். பல்லக்கு முன்பக்கம் சாய்ந்தது. பெண்கள் அலறினார்கள். சேகர் பாய்ந்து தண்டைப் பிடித்தான். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள், அம்மன் கீழே விழவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருத்தர், "தீட்டு உடம்போட தூக்க வந்தான் பாரு, அவளே தள்ளிட்டா" என்று சத்தமாகச் சொன்னார். ஊரே கேட்டது. நானும் கேட்டேன்.

ஆட்டோவில் போகும்போது நான் அழவில்லை. எனக்குக் கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு எந்த மனுஷன் மேலும் வந்ததில்லை. "உன்னைத் தூக்க வந்தவனத் தள்ளிவிட்டல்ல. இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று வழியெல்லாம் வாய்விட்டே திட்டினேன். செல்வி என் வாயைப் பொத்தினாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு அடுக்கில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. மாடியிலிருந்து விழுந்தீர்களா, வண்டியில் அடிபட்டீர்களா என்று எலும்பு டாக்டர் கேட்டார். சாமி தூக்கினேன் என்றேன். அவர் படத்தை விளக்கில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது உங்க வயசுக்கு உண்டான எலும்பே இல்லயே" என்று சொல்லி, ரத்தத்தில் பல பரிசோதனைகள் எழுதி, என் குடல் டாக்டரம்மாவையும் வரவழைத்தார்.

ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா படுக்கைக்கே வந்தார்.

"வைட்டமின் டி உங்க உடம்புல இல்லைன்னே சொல்லலாம். இவ்ளோ கம்மியா நான் அடிக்கடி பாத்ததில்ல. வெயில்ல போறதே இல்லயா நீங்க? என்ன தொழில்னு சொன்னீங்க?"

"கடலுக்குப் போறவன், டாக்டரம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தாள். சாத்திய ஜன்னல், சந்தில் அடைத்த சேலை, ஈரத்துணி, நிறுத்திய மீன், மாடத்துக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்பு மாத்திரை என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். டாக்டரம்மா திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பு என் மேலயும் இருக்கு. மாத்திரை எழுதினேன், சாப்பிட்டீங்களான்னு கேக்கல. கடல்காரருக்கு வெயில் கொறையும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வெயில் தோலில் பட்டால் உடம்பே அந்த வைட்டமினைச் செய்துகொள்ளுமாம். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீனிலும், முட்டையிலும் அது உண்டாம். எலும்புக்கு மட்டும் இல்லை, குடலின் உள்சுவருக்கும், உடம்பின் காவல் சக்தி வெறி பிடிக்காமல் இருப்பதற்கும் அது தேவைப்படுகிறதாம். புண்ணான குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். நாங்களோ மிச்சம் இருந்த வழியையும் சேலையை வைத்து அடைத்துவிட்டோம்.

"இது இல்லாததாலதான் உங்களுக்கு இந்த நோய் வந்துதுன்னு சொல்லமாட்டேன். இதைக் குடுத்தா நோய் போயிடும்னும் சொல்லமாட்டேன். ஆனா இந்த எலும்போட, இந்த உடம்போட இப்ப ஆபரேஷன் வேணாம். முதல்ல இதை ஏத்துவோம். குடலுக்கு மருந்தையும் மாத்தறேன். மூணு மாசம் பாப்போம்."

ஆபரேஷன் வேணாம் என்று அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. மணலில் நான் கேட்டது அதுதானே. என்னை ஊர் பார்க்கக் கீழே தள்ளினாள் என்று திட்டினேனே, தள்ளாமல் இருந்திருந்தால்? அலை வரைக்கும் நான் நன்றாகவே நடந்து போயிருந்தால்? மறுவாரம் இந்த எலும்போடு கத்திக்குப் போயிருப்பேன். யாரும் எக்ஸ்ரே எடுத்திருக்க மாட்டார்கள். அந்தச் சேலையை ஜன்னலிலிருந்து யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அவள் என் முதுகில் கை வைத்து உட்கார வைத்த இடம்தான் எனக்குக் கதவு. படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். "தெரியாம பேசிட்டேன் தாயே" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பக்கத்துப் படுக்கைக்காரர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார், வலி என்று நினைத்து.

வீட்டுக்கு வந்ததும் அக்காவோடு பெரிய போராட்டம். முதுகுக்குப் பெல்ட் கட்டி என்னை வெளியே கூட்டிப் போகிறோம் என்றதும் வாசலில் குறுக்கே நின்றாள்.

"சூட்டு உடம்பை வெயில்ல வெச்சுக் கொல்லப் போறீங்களா? அம்மா கோச்சுக்குவாடி!"

செல்வி சத்தம் போடாமல்தான் பேசினாள். "ஆடி மாசம் கோயில்ல சாகை வார்க்கும்போது அம்மாவுக்கு இன்னா அண்ணி படைக்கிறோம்? கூழும் கருவாட்டுக் குழம்பும்தான? அவளே கருவாடு சாப்புடுறா. வருஷா வருஷம் உச்சி வெயில்ல கடலுக்கு வர்றா. இவரு மட்டும் ஏன் இருட்டுல கெடக்கணும்?"

அக்கா வாசலை விட்டு விலகினாள். பிறகு உள்ளே போய் ஜன்னல் சேலையை அவள் கையாலேயே இழுத்து எடுத்தாள். தூசு பறந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்த அறையின் சுவர் என்ன நிறம் என்று பார்த்தேன்.

வைட்டமின் பொடியை வாரத்துக்கு ஒரு தரம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இத்தனை நாள் சுண்ணாம்பு மாத்திரையை ஒளித்து வைத்த அதே அக்கா, நல்லதுதானே, தினமும் ஒன்று கலக்கிக் கொடுக்கிறேன், சீக்கிரம் ஏறும் என்று கிளம்பிவிட்டாள். நல்லவேளை, செல்வி பிடுங்கிக்கொண்டாள். அளவு மீறினால் இதுவும் விஷம் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், ரத்தப் பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்கிக் கலக்கிக் குடித்துவிடாதீர்கள்.

அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. போட்டெல்லாம் மணலில் ஏற்றி வைத்திருந்தது. காலையில் வெயில் ஏறியதும் சேகரும் செல்வியும் இரண்டு பக்கமும் தாங்கி என்னை எங்கள் போட்டண்டை கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். சட்டை கிடையாது. கொஞ்ச நேரம்தான், வெயிலில் வதங்க வேண்டாம் என்பது டாக்டரம்மா உத்தரவு. பக்கத்திலேயே செல்வி கருவாடு காயப்போடுவாள். "காக்கா வந்தா ஓட்டு. உன்னையும் சேத்துத்தான் காயப்போட்டிருக்கேன்" என்பாள். வலை பின்னுகிறவர்கள் வந்து பேசுவார்கள். மகத்தன்று தீட்டு என்று கத்தினாரே, அவரும் வந்தார். என் பக்கத்தில் ஒரு இளநீரை வைத்துவிட்டுப் போனார். குளிர்ச்சிக்குத்தான். குடித்தேன்.

மத்திக் குழம்பு முதல் நாள் வைத்தபோது பயந்து பயந்து ஒரு துண்டு சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டு துண்டு. ஆனால் வயிறு உடனே அடங்கிவிடவில்லை. சித்திரை முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தேன். போட்டண்டை உட்கார்ந்தாலும் கண் வீட்டுக் கக்கூஸ் பக்கமே இருக்கும். இந்த நோய்க்காரர்களுக்குத் தெரியும். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் தேடுவோம்.

வைகாசியில் ஒரு காலை. வலையில் ஒரு ஓட்டை பெரிசாக இருந்தது. சும்மா இருக்கிறோமே என்று ஊசியை வாங்கிப் பின்ன ஆரம்பித்தேன். சேகர் யார் வீட்டுக் கலியாணத்தையோ பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஓட்டையை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். போட்டின் நீண்ட நிழல் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. கருவாட்டைச் செல்வி அள்ளிக்கொண்டு போயிருந்தாள். நான் எழுந்திருக்கவே இல்லை. ஒரு தரம்கூட வயிறு என்னைக் கூப்பிடவில்லை. அப்படி ஒன்று எனக்கு இருக்கிறது என்பதே அத்தனை நேரம் எனக்கு ஞாபகம் இல்லை.

ஊசி கையிலிருந்து விழுந்துவிட்டது. சேகர் பயந்துபோய், "இன்னா மாமா, முதுவு வலிக்குதா?" என்றான். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். கடல் அப்படியே தகதகவென்று கிடந்தது. தோளெல்லாம் வெயில். இரண்டு வருஷம் குளிர்ச்சி குளிர்ச்சி என்று கேட்டேன். அவளுக்குத் தெரியும், எனக்கு வேண்டியது அது இல்லை என்று. நான் எதற்குப் பயந்து ஒளிந்தேனோ, அதையே எடுத்து என் மேல் கொட்டி என் வயிற்றைக் குளிர வைத்தாள். அந்த நிமிஷம் எனக்கு அவள் கோயிலில் இருக்கிறாள் என்று தோன்றவில்லை. என் தோல் மேலேயே இருந்தாள். அப்போது வந்தது பயமா சந்தோஷமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனியில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். செல்வி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாளாம். டாக்டரம்மா படத்தை எங்களுக்கே காட்டினார். போன தடவை சிவந்து ரத்தம் கசிந்த இடமெல்லாம் வெளிர் சிவப்பாக, ஈரமாக, வழுவழுப்பாக இருந்தது.

"பெரும்பாலும் ஆறிடுச்சு. ஆபரேஷன் இப்ப தேவையில்ல" என்றார்.

"எதனால ஆறிச்சு டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "புது மருந்து வேலை செஞ்சிருக்கு. வைட்டமின் ஏறியிருக்கு, சாப்பாடு சரியாயிருக்கு. எல்லாம் சேந்துதான். எது எவ்ளோன்னு பிரிச்சு என்னால சொல்ல முடியாது. எல்லாருக்கும் இப்படி ஆகும்னும் சொல்ல முடியாது. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."

அவரால் பிரித்துச் சொல்ல முடியாததை நானும் பிரிக்கப் போவதில்லை. மருந்தும் அவள் கொடுத்தது, வெயிலும் அவள் கொடுத்தது, இந்த டாக்டரம்மாவும் அவள் கொடுத்தது. வெளியே வந்ததும் செல்வி மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். பிறகு அவள், "வா, மார்க்கெட்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்தாள்.

இப்போது நான் கடலுக்குப் போகிறேன். தூரம் போவதில்லை, காலையில் போய் மதியத்துக்குள் கரைக்கு வந்துவிடுவேன். கனம் தூக்குவதில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விடுவதில்லை. நடுவில் ஒரு முறை நோய் தலையைக் காட்டியது, உடனே போய்க் காட்டினேன், அடங்கியது. பூரண குணம் என்று எழுதச் சொல்லிக் கமிட்டியில் கேட்டார்கள். அம்மன் பெயரைச் சொல்லிப் பொய் எழுத மாட்டேன். என் குடல் என்னிடம் இருக்கிறது. நான் கேட்டது அதுதான், அதை அவள் கொடுத்தாள்.

முன்னெல்லாம் அவளிடம் இதைக் கொடு, இப்படிக் கொடு என்று வகை சொல்லிக் கேட்பேன். இப்போது அவள் முன்னால் நின்றால், "பாத்துக்கோ" என்ற ஒரு சொல்லுக்கு மேல் வாயில் வருவதில்லை. அவள் எவ்வளவு பெரியவள், நான் எவ்வளவு கொஞ்சம் தெரிந்தவன் என்பது அந்த வைகாசிக் காலையில் எனக்குத் தெரிந்துபோயிற்று.

பக்தர்களே, உங்கள் வீட்டில் இப்படி வயிற்று நோயோடு யாராவது கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கலாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கிடக்கலாம். அம்மனிடம் கேளுங்கள், அழுது கேளுங்கள், திட்டியும் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அவள் தருவது நீங்கள் கேட்ட மாதிரி இல்லையே என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். எங்கள் குப்பத்துக்கு வந்து என் பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டுவார்கள். நானே கூட வருகிறேன். இப்படித்தான் போன மாதம் ஒருத்தர் தயங்கித் தயங்கி வந்து, முதலில் கோயிலுக்குப் போகணுமா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலதான் அண்ணா கோயிலு இருக்கு. கும்புட்டுட்டே போலாம், வாங்க."